ஆறு சந்திப்பு, தலா நாற்பத்தைந்து நிமிடம்

முன்னாள் மாணவர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
'இலக்குகள்' என்று மூன்று கோடுகள்.
கெசையா பார்டி இரண்டைக் காலியாக விட்டிருந்தாள்.
மூன்றாவதில்:
மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

செயின்ட் ஜான்ஸில் அன்று மூடுபனி.
துறைமுகம் அங்கேதான் இருக்கிறது என்று
நம்பிக்கொண்டு நடக்கவேண்டும்.
காபிக் கடையில் ஜன்னலோர மேசை,
என் பையில் அச்சடித்த ஏழு அறிவுரைகள்.
படித்து முடித்து எட்டு வருடம்.
அறிவுரை சொல்ல அது போதும் என்றிருந்தேன்.

அப்பாவுக்கு நண்டுப் படகு. அம்மா மீன் ஆலையில் ஷிஃப்ட்.
அவள் வீட்டில் யாரும்
நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"
மிதந்து வரும் பனிமலைகள்
எண்ணெய்க் கிணறுகளை நோக்கி எவ்வளவு வேகத்தில் நகரும் என்று
கணக்குப் போடுகிறேன் என்றேன்.
"அப்பா அதை மூக்கால சொல்லுவார்.
யாரும் காசு கொடுத்ததில்ல."

(கண்ணுக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்குதான் என்று
இங்கே யாரும் தொடங்கவேண்டாம்.
போன விருந்திலெல்லாம் கேட்டாயிற்று.)

இரண்டாம் சந்திப்பில் பையைத் திறக்கவேயில்லை.
நேர்காணலில் காபி கொடுத்தால் குடிக்கலாமா,
கோப்பையை யார் கழுவுவது,
கூட்டத்தின் நடுவே சிறுநீர் முட்டினால் யாரிடம் சொல்வது,
எல்லோரும் சிரிக்கும்போது புரியாவிட்டால்?
கடைசிக் கேள்விக்கு இன்றும் பதில் இல்லை.
எட்டு வருடமாய் அரை நொடி தாமதமாகச்
சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதில்,
"எவ்வளவு எதிர்பார்க்கறேன்னு கேட்டா என்ன எண் சொல்ல?"
என் அம்மாவிடம்கூடச் சொல்லாததை
டிஷ்யூ தாளில் எழுதி நகர்த்தினேன்.
படித்தாள். மடித்தாள்.
சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள்.
"இதுக்கு மேல கேக்கலாமா?"
"கேள்" என்றேன்,
கொடுக்கவா போகிறார்கள் என்ற தைரியத்தில்.

நான்காவது பனிப்புயலில் போயிற்று.

ஐந்தாவதில் கடிதத்தோடு வந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை, மேசையில் சொட்டியது.
மூன்றாம் பத்தியில் அந்த எண்,
டிஷ்யூ தாளைவிட நாலாயிரத்து இருநூறு டாலர் கூட.
எச்சில் விழுங்கினால் சத்தம் கேட்குமென்று
காபியை விழுங்கினேன். வாழ்த்தினேன்.

பொறாமை என்றால் பொறாமைதான்.
அதற்கு ஒரு நல்ல பெயர் தேடி
அன்றிரவு சிக்னல் ஹில் உச்சி வரை நடந்தேன்.
காற்று தொப்பியைக் கொண்டுபோனது. அவ்வளவே பலன்.

கடைசிச் சந்திப்புக்கு அவளே காபி வாங்கினாள்.
நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு
போடாத கண்ணாடியை மூக்கில் சரிசெய்து
"சொல்லுங்க, எதுக்குச் சம்பள உயர்வு?" என்றாள்,
என் மேலாளர் ஹெட்லியைப் போலவே, அவரைப் பார்க்காமலே.
"மன்னிக்கணும், உங்களுக்கு நேரம் இருந்தா..."
"மன்னிப்ப எடுத்துடுங்க. மறுபடி."
"எட்டு வருஷமா நான்..."
"நண்டுக்கும்தான் வயசாகுது. என்ன செஞ்சீங்க?"

ஒரு மார்ச் இரவு. திரையில் ஒரு புள்ளி.
ஒன்பது மணி நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு
துளையிடும் மேடையை நகர்த்தச் சொல்லி
நான் எழுப்பிய ஒரு தொலைபேசி.
நூற்று நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
காலையில் முட்டை பொரித்தார்களாம்.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
சொல்லக்கூடியது என்று தோன்றியதில்லை.

"எண்?"
சொன்னேன்.
"உரக்க."
பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பேருந்தில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
முதல் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.
எங்கே வேண்டுமானாலும் உட்கார்,
மைக்ரோவேவில் மட்டும் மீன் சூடாக்காதே
என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

இரண்டு நிறுத்தம் கழித்துப் பதில் வந்தது:
மீன் வித்த காசுலதான் படிச்சேன்.
காசு நாறலையே.
சூடாக்குவேன்.